கடைந்த மரத்தில் ஓர் எழுதுகோல்

சிங்கப்பூரில் கைவினை மரப்பேனாக்களுக்கு நட்புப் போட்டி நடத்தும் முறை

கட்டைவிரல் பருமனுள்ள மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உளியால் சீவி உருட்டி, உள்ளே பித்தளைக் குழாயும் முனைகளில் உலோகப் பொருத்துகளும் சேர்த்துச் செய்வதே கடைசல் பேனா. ஒரு பேனாவுக்கு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் சதுரமும் 130 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டை போதும். மேசைமேல் அடங்கும் சிறிய லேத், இரண்டு மூன்று உளிகள், துளையிடும் கருவி, உப்புத்தாள், பசை ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும். இடம் குறைவாகவும் மரம் தாராளமாகவும் இருக்கும் சிங்கப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான மரவேலையைக் காண்பது கடினம்.

தனியாகச் செய்து மேசை இழுப்பறையில் போட்டுவைக்கும் பேனாவைப் பலர் கையில் எடுத்துப் பார்க்கவும், எழுதிப் பார்க்கவும், குறை சொல்லவும் வாய்ப்பளிப்பது போட்டி. அந்த வாய்ப்பு அச்சமாக மாறிவிடாமல் காப்பது விதிகள். நட்புப் போட்டி ஒன்று நன்றாக நடந்ததா என்பதற்கு ஒரே ஒரு சோதனை உண்டு: கடைசி இடத்தில் வந்தவர் அடுத்த ஆண்டும் பேனாவோடு வர வேண்டும். பிரிவுகள் வகுப்பது, மரம் தேர்வது, மதிப்பெண் இடுவது, பரிசு தருவது என எல்லாவற்றையும் இந்தச் சோதனையை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

கடைசலின் பரம்பரை

தமிழ்நாட்டில் கடைசல் பழைய தொழில். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், பூரிக்கட்டை எல்லாம் கடைசல் பட்டறையில் பிறந்தவை. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும், கர்நாடகத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் இன்றும் பேர்போனவை. சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். இன்றைய மரப்பேனாக்களுக்குப் பூசும் உராய்வு மெருகும் ஏறத்தாழ இதே வழியில்தான் வேலை செய்கிறது. சாராயத்தில் கரைத்த அரக்கைத் தொட்டுச் சுழலும் மரத்தில் அழுத்தினால், சூட்டில் சாராயம் ஆவியாகி அரக்கு மட்டும் தங்கிவிடும்.

பேனாவைக் கடைசலில் செய்வதும் தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1930-களில் கையால் கடைந்த ஊற்றுப்பேனாக்கள் சுதேசி இயக்கக் காலத்தில் காந்தியின் கைவரை சென்றன. சென்னைக்கு அருகே திருவள்ளூரில் எம். எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனா, எபோனைட் தண்டுகளைக் கடைந்து செய்யும் பேனாக்களை உலகின் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். பொருள் வேறானாலும், சுழலும் தண்டின்மேல் உளியைப் பிடிக்கும் கைப்பழக்கம் ஒன்றுதான்.

போட்டிக்கும் நீண்ட முன்வரலாறு உண்டு. லண்டனின் கடைசல்காரர் சங்கம் 1604-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் பட்டயம் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அது கடைசல் போட்டிகள் நடத்தியிருக்கிறது. அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் 1986-இல் உருவானது. பேனாவுக்கான உலோக உறுப்புகள் தொகுப்பாக, அதாவது ‘கிட்’ ஆக, எளிதில் கிடைக்கத் தொடங்கிய பிறகு பேனாக் கடைசல் தனிப் பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது.

எழுதுவோருக்குப் போட்டி வைப்பதில் சிங்கப்பூர் அனுபவம் நிறைந்த ஊர். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு, 1952-இல் மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கி இளையரை எழுத வைத்தது. தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது 1993 முதல் நான்கு மொழிகளிலும் புதிய எழுத்தாளர்களைத் தேடிவருகிறது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி 2014-இல் தொடங்கியது. கட்டுமானத் தளங்களில் உழைப்போர் தமிழிலும் வங்காளத்திலும் பிற மொழிகளிலும் எழுதிய கவிதைகளை அது மேடையேற்றியது. எழுத்தைக் கொண்டாடும் இந்த வழக்கத்தில் எழுதுகோலைச் செய்யும் கைக்கும் ஓர் இடம் உண்டு.

சிங்கப்பூரின் மரம்

போட்டிக்கு வெளிநாட்டு மரம் தேட வேண்டியதில்லை. லீ குவான் இயூ 1963 ஜூன் 16-இல் ஒரு மெம்பாட் கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967-இல் பூந்தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் சாலையோரங்களில் வளர்ந்த மரங்கள் இன்று முதிர்ந்து நிற்கின்றன. புயற்காற்றில் விழுபவை, நோயுற்றவை, புதிய சாலைக்கும் வீட்டுக்கும் வழிவிடுபவை எனச் சில மரங்கள் அவ்வப்போது வெட்டப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி தூளாக்கப்பட்டு மண்ணில் பரப்பும் உரமாகவோ எரிபொருளாகவோ போகிறது. ரோஜர் அண்ட் சன்ஸ் என்ற உள்ளூர்த் தச்சுப் பட்டறை ‘தி லோக்கல் ட்ரீ புராஜெக்ட்’ என்ற பெயரில் இத்தகைய மரங்களை மீட்டு அறைகலன் ஆக்கிவருகிறது. அறைகலனுக்கு ஆகாத சிறு துண்டுகூடப் பேனாவுக்குத் தாராளம்.

மூன்று மரங்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை. முதலாவது தூங்குமூஞ்சி மரம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 1876-இல் சிங்கப்பூருக்கு வந்த இது, குடைபோல் விரிந்து சாலைகளுக்கு நிழல் தருகிறது. இதன் உள்மரம் பழுப்பு, வெளிமரம் வெளிர் மஞ்சள். இரண்டும் சேரும் இடத்தில் கடைந்தால் ஒரே பேனாவில் இரு நிறம் கிடைக்கும். மென்மையாக இருப்பதால் புதியவர் கைக்கும் அடங்கும். ஆனால் இழைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னிக் கிடப்பதால், மழுங்கிய உளி பட்டால் இழை பிய்ந்துவிடும்.

இரண்டாவது அங்சானா. இது நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் உறவு. மூன்றும் டெரோகார்ப்பஸ் இனம். மஞ்சள் பூக்களைச் சாலையில் கம்பளமாக உதிர்க்கும் இந்த மரத்தின் வைரம், பொன்னிறத்திலிருந்து செம்பழுப்புவரை மாறும். இதன் சீவலை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீலநிற ஒளிர்வு தெரியும். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவியலாளரையே இது வியக்கவைத்தது. வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் வீடுகளுக்கு இந்த நிறம் பழக்கமானதே.

மூன்றாவது தெம்புசு. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் அச்சாகியிருப்பது தாவரவியல் பூங்காவான பூமலையில் நிற்கும் தெம்புசு மரம்தான். வைரம் பாய்ந்த இந்த மரத்தில் வெட்டுப்பலகை செய்வார்கள். கடைவதற்குக் கடினமானது என்றாலும், முடித்தபின் மெருகு நன்றாக ஏறும். பழகிய கைகளுக்கு ஏற்றது.

மரத்தின் ஊற்றுக்கண் சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்பது போட்டியின் முதல் விதியாக வேண்டும். பூங்காக்கள், மரங்கள் சட்டப்படி, பொது இடத்து மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். விழுந்து கிடக்கும் கிளையானாலும் தேசியப் பூங்காக் கழகத்திடமோ நிலத்துக்குப் பொறுப்பானவரிடமோ கேட்டு எடுப்பதே முறை. இறக்குமதி மரத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஈட்டி மரமும் அதன் இனத்தைச் சேர்ந்த டல்பெர்ஜியா மரங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான அனைத்துலக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. செய்து முடித்த பொருள்களுக்குச் சரக்கு ஒன்றில் 10 கிலோவரை 2019 முதல் விலக்கு உண்டு. கடையாத கட்டைக்கு அந்த விலக்கு பொருந்தாது. செஞ்சந்தனமும் பட்டியலில் உள்ளது. ஊருக்குப் போய்வரும்போது ஆசையாக ஒரு துண்டு எடுத்துவருவது சிக்கலில் கொண்டுவிடும். 2014-இல் மடகாஸ்கரிலிருந்து வந்த ஏறத்தாழ 30,000 ரோஸ்வுட் கட்டைகள் சிங்கப்பூரில் தடுத்துவைக்கப்பட்டன. அந்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்று 2019-இல்தான் முடிந்தது. யானைத் தந்தத்தின் விற்பனையை 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூர் தடைசெய்திருக்கிறது. ஆகவே பழைய தந்தத் துண்டைப் பேனாவில் பதிப்பதையும் போட்டி ஏற்கக் கூடாது.

சாலையோர மரங்களில் ஒன்றான காயா, அதாவது செனகல் மஹோகனி, பற்றி ஒரு தெளிவு வேண்டும். 2023 முதல் பட்டியலில் சேர்ந்தது ஆப்பிரிக்காவில் வளர்ந்த காயா மரங்கள் மட்டுமே. சிங்கப்பூர் மண்ணில் வளர்ந்து இங்கேயே வெட்டப்பட்ட மரத்துக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு பேனாவோடும் மரத்தின் பெயர், கிடைத்த இடம், கிடைத்த ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதிய சீட்டு இணைத்தால் இத்தகைய கேள்விகள் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். பாட்டி காலத்துக் கட்டில் கால், பழைய கடைவீட்டின் உத்தரம், உடைந்த தேக்கு நாற்காலி போன்றவையும் நல்ல ஊற்றுகள். அந்தச் சீட்டு அவற்றின் கதையையும் சொல்லும்.

ஈரமும் குளிரூட்டியும்

சிங்கப்பூரில் மரப்பேனாவின் பெரிய பகை ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம். வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைப் பிடித்துவைக்கும். குளிரூட்டிய அலுவலகத்தில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில், அது 11 விழுக்காடு அளவுக்கு இறங்கும். இறங்கும்போது மரம் சுருங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பித்தளைக் குழாயோ சுருங்காது. விளைவாக நீளவாக்கில் மயிரிழை விரிசல் விழும். போட்டியில் பரிசு பெற்ற பேனா இரண்டு மாதத்தில் வெடித்தால், அது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

இதற்குத் தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். கட்டையைத் துளையிட்டபின் உடனே குழாயை ஒட்டாமல், குளிரூட்டிய அறையில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். துளை வழியாக உட்புறமும் காற்றுப்படுவதால் மரம் விரைவில் நிலைக்கு வரும். கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசில் வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தால், எடை குறைவது நின்றுவிட்டதா என்று தெரியும். முப்பது கிராம் அளவுள்ள தூங்குமூஞ்சிக் கட்டை ஒன்றில் இந்த வேறுபாடு ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் பேனாவின் ஆயுள் அந்த ஒரு கிராமில் இருக்கிறது. அமைப்பாளர்கள் கட்டைகளைப் போட்டி தொடங்கும் நாளிலேயே கொடுத்து, ஒப்படைக்க எட்டு வாரமாவது தவணை தருவது இதற்காகத்தான்.

ஒரு பேனா உருவாகும் விதம்

நடுவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது செய்முறையிலிருந்தே வருகிறது. பலரும் முதலில் செய்வது 7 மில்லிமீட்டர் குழாய் இரண்டு கொண்ட மெல்லிய திருகுப் பேனா. கட்டையை இரண்டாக அறுக்கும் முன் அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பென்சில் கோடு இழுக்க வேண்டும். அறுத்தபின் எது மேல், எது கீழ் என்று அந்தக் கோடு காட்டும். அதை மறந்தவரின் பேனாவில் மேல்பாதியின் மரவரியும் கீழ்ப்பாதியின் மரவரியும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும்.

அடுத்தது துளை. கட்டை பிளப்பது பெரும்பாலும் துளைமுனை மறுபக்கம் வெளிவரும் நொடியில்தான். அதனால் கட்டையைச் சற்று நீளமாக விட்டு, துளை மறுபக்கத்தைத் தொடும் முன் நிறுத்தி, எஞ்சிய முனையை அறுத்துவிடுவார்கள். பித்தளைக் குழாயை உப்புத்தாளில் உரசிச் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும். பசை குழாய்க்குள் புகாமலிருக்க, பச்சை உருளைக்கிழங்கு வில்லையில் குழாயின் முனையை அழுத்தி எடுப்பது பழகியவர்களின் உத்தி. கிழங்குத் துண்டு அடைப்பாக நின்று, பசை காய்ந்தபின் எளிதாக வெளிவந்துவிடும். பிறகு கட்டையின் முனைகளைக் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவ வேண்டும். இங்கே ஒரு மயிரிழை கோணினாலும் கடைசியில் உலோக வளையத்துக்கும் மரத்துக்கும் இடையில் பிறை வடிவில் இடைவெளி தெரியும்.

கடையும்போது நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓடும் கட்டையின் மூலைகளைக் குழிந்த உளி முதலில் உருட்டும். சாய்வு உளி அதை மழமழப்பாக்கும். கூர்மையான உளியிலிருந்து சீவல் நாடாபோல் சுருண்டு வரும். தூளாக உதிர்ந்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். உப்புத்தாள் 240-இல் தொடங்கி 320, 400, 600 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் இயந்திரத்தை நிறுத்தி, மரவரியின் போக்கில் ஒருமுறை தேய்த்தால்தான் வளையக் கீறல்கள் போகும். கடைசியில் அரக்கு மெருகோ, சூப்பர் குளூவை மெல்லிய படலங்களாகப் பூசி மெருகேற்றும் முறையோ வரும். முதலாவது மரத்தின் இயல்பான தொடுகையைத் தரும். ஆனால் வியர்வைக் கையில் சீக்கிரம் மங்கும். இரண்டாவது கண்ணாடிபோல் உறுதியாக நிற்கும். சிங்கப்பூர் வெயிலுக்கு இதுவே நீடிக்கும்.

பிரிவுகளும் விதிகளும்

எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நட்புப் போட்டியைக் கெடுக்கும். மூன்று பிரிவுகள் போதும். முதற்பிரிவு, கடைசல் கற்று ஓராண்டு ஆகாதவர்களுக்கு. அதில் அனைவருக்கும் ஒரே வகைக் கிட், ஒரே பலகையிலிருந்து அறுத்த கட்டை. வசதி உள்ளவர் விலை உயர்ந்த மரமும் பொன்முலாம் பூசிய உறுப்புகளும் வாங்கி முந்தும் வாய்ப்பு இதனால் அடைபடும்; கைத்திறன் மட்டுமே பேசும். இரண்டாவது திறந்த பிரிவு; எந்த மரமும் எந்தக் கிட்டும் வரலாம். மூன்றாவது சிங்கப்பூரில் வளர்ந்த மரத்துக்கு மட்டும். ஆள் சேர்ந்தால், உலோக உறுப்புகள் இல்லாமல் மரை முதற்கொண்டு எல்லாவற்றையும் தானே வெட்டும் ‘கிட் இல்லாப் பேனா’வை நான்காம் பிரிவாகச் சேர்க்கலாம்.

விதிகளை ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டும். ஒருவர் ஒரு பிரிவுக்கு ஒரு பேனா. அறிவிப்பு வந்த பிறகு கடைந்ததாக இருக்க வேண்டும். இதை உறுதிசெய்ய, கட்டையின் முனையில் போட்டி முத்திரை குத்திக் கொடுத்து, கடையும் முன் ஒரு படம் எடுக்கச் சொன்னால் போதும். கடைசலையும் மெருகையும் போட்டியாளரே செய்ய வேண்டும். துளையிடவும் பொருத்தவும் முதற்பிரிவினர் உதவி பெறலாம். பேனா எளிதில் கிடைக்கும் ரீஃபிலை ஏற்க வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டவர் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும்.

எங்கே கடைவது என்பதும் விதிக்குள் வர வேண்டிய விஷயம். சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வாழ்கிறார்கள். சிறிய லேத்தின் ஓசை பெரிதல்ல என்றாலும், சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கும். அக்கம்பக்கத்து இரைச்சல் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022-இல் இரவு 10 மணி முதல் காலை 8 மணிவரை அமைதி நேரமாக இருக்கப் பரிந்துரைத்தது. போட்டியாளர்கள் அதை மதிப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பொது நடைபாதையில் இயந்திரம் வைக்கக் கூடாது. அது தீப்பாதுகாப்புக்கான வழி. இன்னும் நல்ல தீர்வு, எட்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு பொதுப் பட்டறையில் எல்லாரும் கூடிக் கடைய ஏற்பாடு செய்வது. லேத் சொந்தமாக இல்லாதவரும் அப்போது பங்கெடுக்க முடியும்.

பாதுகாப்பில் தளர்வு கூடாது. முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். கையுறை, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் இயந்திரத்தருகே வரக் கூடாது. மெருகிடத் துணியை விடக் கிழியக்கூடிய தாளே நல்லது. சுழற்சியில் சிக்கினால் தாள் கிழியும், துணி விரலை இழுக்கும். சூப்பர் குளூ பருத்தியில் கொட்டினால் கொதிக்கும் சூடு உண்டாகும். அங்சானா, ஈட்டி போன்ற மரங்களின் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். புகைமூட்டக் காலத்தில் வாங்கிவைத்த என்-95 முகக்கவசம் இங்கே உதவும்.

மதிப்பீடு

நடுவர்கள் மூவர் இருந்தால் சமநிலை கிடைக்கும்: கடைசல் அறிந்த ஒருவர், நாள்தோறும் கையால் எழுதும் ஆசிரியரோ எழுத்தாளரோ ஒருவர், வடிவமைப்பில் பழகிய ஒருவர். பேனாக்களில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். பெயர் ஒட்டிய உறையில் இருக்கட்டும். சிறிய சமூகத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். பெயர் மறைவது நடுவரையும் போட்டியாளரையும் ஒருசேரக் காக்கும்.

நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: பொருத்தம் 25, வடிவம் 25, மெருகு 20, எழுதும் சுகம் 20, மரத் தேர்வும் அதன் சீட்டும் 10. பொருத்தத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது. நடுவர் தன் நகத்தை மரத்திலிருந்து உலோக வளையத்தின்மேல் மெதுவாக நகர்த்த வேண்டும். நகம் தட்டாமல் போனால் முழு மதிப்பெண். ஏறினாலும் இறங்கினாலும் குறைவு. வடிவத்தில் நேரான பேனாவா, நடுவில் பருத்ததா என்பது கேள்வியில்லை. வளைவு ஓரிடத்திலும் முறியாமல் ஓடுகிறதா என்பதே கேள்வி. மெருகைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளையக் கீறலும், பசைப் படலத்தின் வெண்புள்ளியும், குமிழும் தாமே தெரியும்.

எழுதும் சுகத்துக்கான மதிப்பெண்தான் இந்தப் போட்டியை அழகுப் போட்டியாக்காமல் காக்கிறது. நடுவர் ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டும். ஒரு வரிக்கு அழகாக இருக்கும் பேனா, பக்கத்தின் பாதியில் தன் குணத்தைக் காட்டிவிடும்: விரல் வழுக்குகிறதா, வளையத்தின் விளிம்பு சுட்டுவிரலை உறுத்துகிறதா, மேல்பாதி கனத்துப் பின்னோக்கிச் சாய்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எல்லாப் பேனாக்களுக்கும் ஒரே வகைப் புதிய ரீஃபிலைப் போட்டால், மை காரணமாக ஒருவர் முந்துவதும் பிந்துவதும் நேராது. சம மதிப்பெண் வந்தால், எழுதும் சுகத்தில் கூடுதல் பெற்ற பேனாவே வெல்ல வேண்டும்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட வேண்டும். ஒரு பேனாவுக்குப் பத்து நிமிடம் என்றால் முப்பது பேனாவுக்கு ஐந்து மணி நேரம். மற்ற நான்கு கூறுகளையும் ஒரு முறை பார்த்து, ஒவ்வொரு பிரிவிலும் முன்னணியில் உள்ள ஐந்து பேனாக்களுக்கு மட்டும் எழுத்துச் சோதனை வைத்தால் ஒரு பிற்பகலில் முடியும். மற்றவற்றை நடுவர்கள் இரண்டிரண்டு வரி எழுதிப் பார்த்துக் குறிப்பு வழங்கலாம்.

இடமும் நாளும்

லிட்டில் இந்தியா இத்தகைய போட்டிக்கு இயல்பான களம். 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் ஓரத்தில்தான் பழைய கருவிகளும் பழைய பேனாக்களும் தரையில் விரித்து விற்கப்பட்ட சுங்கை ரோடு சந்தை, 2017 ஜூலை 10-இல் மூடப்படும்வரை நடந்தது. ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் துளைமுனையும் உப்புத்தாளும் பசையும் கிடைக்கும். சற்று நடந்தால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். புத்தகங்களுக்கும் எழுதுபொருள்களுக்கும் பெயர்பெற்ற இடம். கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், ஏறத்தாழ 5,000 நுண்ணிய உருவங்கள் செதுக்கிய செட்டிநாட்டு மரவாசல் ஒன்று இருக்கிறது. மரத்தில் ஒரு கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் போட்டியாளர்கள் அங்கே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருப்பது நல்லது. கட்டுமானத் துறையில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் சிராங்கூன் சாலைக்கும் தேக்காவுக்கும் வருவது பெரும்பாலும் அன்றுதான். ஊரில் தச்சு கற்ற கைகள் அவர்களில் உண்டு. பதிவுக் கட்டணம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ வைத்து, பொதுப் பட்டறையையும் ஞாயிறன்றே திறந்தால் அந்தக் கைகள் போட்டிக்குள் வரும். போட்டியின் தரமும் உயரும். தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. கூட்டத்தில் பேனாவை நின்று பார்க்க இடமிருக்காது. வளர்தமிழ் இயக்கம் ஏப்ரலில் நடத்தும் தமிழ்மொழி விழாக் காலம் மிகவும் பொருந்தும். கட்டைகளைப் பிப்ரவரியில் கொடுத்தால், எட்டு வாரத் தவணை சரியாக ஏப்ரலில் முடியும்.

காட்சி எளிமையாக இருக்கலாம். சாய்ந்த மரத்தட்டில் எண்ணோடு பேனாக்கள். பக்கத்தில் மரத்தின் சீட்டு. கீழே ஒரு காகிதம், எழுதிப் பார்க்க. நடுவர் தீர்ப்போடு கலக்காமல் மக்கள் தேர்வு ஒன்றும் வைக்கலாம். வருவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த பேனாவின் கிண்ணத்தில் போடச் சொன்னால் வாக்கெடுப்பு முடிந்தது. குழந்தையும் வாக்களிக்கும், எண்ணுவதும் எளிது.

பரிசும் குறிப்பும்

பணப் பரிசு பெரிதாக இருந்தால் நட்பு சிறிதாகும். முதல் பரிசுக்கு ஒரு நல்ல உளி, இரண்டாம் பரிசுக்கு நல்ல கட்டைகள், மூன்றாம் பரிசுக்கு ஒரு கிட் என, மீண்டும் பட்டறைக்கே அழைத்துச் செல்லும் பரிசுகள் பொருத்தமானவை. முதற்பிரிவில் பேனாப் பரிமாற்றம் ஒன்றையும் சேர்க்கலாம்: சீட்டுக் குலுக்கி, ஒவ்வொருவரும் வேறொருவர் கடைந்த பேனாவை வீட்டுக்கு எடுத்துப்போவது. வெற்றி பெறாதவரும் கையில் ஒரு பேனாவோடு திரும்புவார். அவர் கடைந்ததை வேறொருவர் தினமும் பயன்படுத்துவார்.

மற்றெல்லாவற்றையும்விட மதிப்புள்ளது நடுவர் குறிப்பு. ஒவ்வொரு பேனாவுக்கும் அரைப்பக்கச் சீட்டில் கூறுவாரி மதிப்பெண்ணும், நன்றாக வந்த ஒன்றும், அடுத்த பேனாவில் திருத்த வேண்டிய ஒன்றும் எழுதித் தர வேண்டும். “கீழ் வளையத்தில் மரம் உலோகத்தைவிட உயர்ந்து நிற்கிறது, அளவு காட்டும் புஷ் வளையத்தைத் தொடும்வரை கடைந்துவிட்டு உப்புத்தாளுக்குப் போகவும்” என்ற ஒரு வரி, கேடயத்தை விட அதிகம் கற்றுத்தரும். குறை சொல்லும்போது தீர்வையும் சொல்ல வேண்டும் என்பதை நடுவர்களுக்கான விதியாகவே வைக்கலாம். முடிவுகள் அறிவித்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வென்றவர்கள் தம் பேனாவைக் கடைந்த விதத்தை விளக்கினால், அந்த ஆண்டு கற்ற உத்தி அடுத்த ஆண்டு எல்லாருடைய உத்தியாகிவிடும்.

அமைப்பாளர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை மீதியிருக்கும். பச்சை மரம் காற்றில் உலர, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பொதுக்கணக்கு. வெட்டுப்பட்ட மரம் ஒன்று கையில் கிடைத்ததும், போட்டி முடிந்த அந்த வாரத்திலேயே அதை முக்கால் அங்குலக் கட்டைகளாக அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, காற்றோடும்படி குறுக்குச் சட்டம் வைத்து அடுக்க வேண்டும். தேதியும் மரத்தின் பெயரும் இடமும் எழுதி வைத்தால், அடுத்த பிப்ரவரிக்கு முதற்பிரிவின் கட்டைகள் தயாராகிவிடும்.